கார் மேல் படியும் தூசி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் தினமும் காலையில் எங்கள் கறுப்பு காரை மஞ்சள் துணியால் துடைத்து விடுகிறார். வண்டி வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது. அவர் அழுத்தித் தேய்ப்பவரும் இல்லை. பிறகு எப்படி வந்தது?
– வாசகி, மாதவரம், சென்னை

பதில்: மெதுவாகத் துடைத்தாலும் வரும். கண்ணுக்குத் தெரியும் கறுப்பு நிறத்தின் மேல் நிறமில்லாத இன்னொரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். பெரும்பாலான கார்களில் அதன் கனம் 35 முதல் 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. வண்டியின் பளபளப்பு முழுவதும் அந்தப் பூச்சிலிருந்து வருகிறது. லாரி ஓடும் சாலையில் பறக்கும் தூசியில் நல்ல பங்கு நுண்ணிய மணல், அதாவது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கண்ணாடியே அதைவிட மென்மையானது. பெயின்ட் எந்த மூலைக்கு?

தூசி சும்மா படிந்து கிடக்கும்வரை எதுவும் ஆவதில்லை. உலர்ந்த துணியை அதன் மேல் வைத்து இழுக்கும்போதுதான் துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டிய துகள் உருள வழியின்றி உழுதுகொண்டே போகிறது. அந்த நேரத்தில் கையிலிருப்பது துணி அல்ல, உப்புத்தாள். மஞ்சள் துணியில் இன்னொரு சிக்கல்: அதன் இழை குட்டையாக இருப்பதால் துகள் உள்ளே புதையாமல் மேலாகவே நிற்கிறது. அதே துணியால் வரிசையாக ஏழெட்டு வண்டிகளைத் துடைத்து, ஒரே வாளியில் நனைத்துப் பிழிந்தால், முதல் வண்டியின் மண் கடைசி வண்டி வரைக்கும் போய்ச் சேரும்.

கீறல்கள் வட்டமாகத் தெரிவதால் வட்டமாகத் துடைத்ததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை எல்லாத் திசையிலும் கிடக்கும் நேர்க்கீறல்கள். சூரிய ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் ஒளிப்புள்ளியைச் சுற்றி வளையம்போலத் தோன்றுகின்றன. வெள்ளை, வெள்ளி நிற வண்டிகளிலும் இதே கீறல்கள் இருக்கும், கண்ணில் படாது, அவ்வளவுதான்.

வாட்ச்மேனிடம் நாளையிலிருந்து கண்ணாடிகள், விளக்குகள், நம்பர் பிளேட் ஆகியவற்றை மட்டும் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பெயின்டை அவர் தொட வேண்டாம். அவருக்குக் கொடுக்கும் மாதப் பணத்தைக் குறைக்காதீர்கள். வாரம் ஒருமுறை கீழே சொல்லியிருக்கும் முறையில் கழுவ அவரையே பழக்கிவிடலாம். தினமும் துடைத்த வண்டியைவிட ஆறு நாள் தூசியோடு நின்று ஏழாம் நாள் சரியாகக் கழுவப்பட்ட வண்டிதான் ஐந்து வருடம் கழித்தும் புதிதாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் பார்க்கிங்கில் ஹோஸ் போட அனுமதி இல்லை. போர் தண்ணீரும் உப்பு. இரண்டு வாளித் தண்ணீரில் கீறல் விழாமல் தூசியை எடுக்க வழி உண்டா?
– வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: ஒரு வாளியே போதும். ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற பெயரில் ஒரு திரவம் ஆன்லைனிலும் கார் உதிரிப்பாகக் கடைகளிலும் கிடைக்கிறது. ஷாம்பு மாதிரி நுரைக்காது, கழுவிவிடவும் வேண்டாம். அதிலுள்ள பாலிமர்கள் மண் துகளைச் சுற்றிக்கொண்டு வழுக்கலாக்கிப் பெயின்டிலிருந்து பிரித்துவிடுகின்றன. பல தயாரிப்புகளில் கலவை விகிதம் 1:256, அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு சுமார் 40 மி.லி. உங்கள் பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். திட்டுத் திட்டாகப் பிசுக்கு நிற்கும்.

தேவையானவை: 10 லிட்டர் கலவை கொண்ட வாளி, செடிக்கு மருந்தடிக்கும் 2 லிட்டர் கைப்பம்ப் ஸ்ப்ரேயர் (பூச்சிமருந்து ஊற்றாத புதியது), 40 செ.மீ. சதுர மைக்ரோஃபைபர் துணிகள் எட்டு முதல் பத்து வரை, ஈரம் துடைக்கப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று. துணிகள் அனைத்தையும் வாளியில் ஊறப்போடுங்கள். ஸ்ப்ரேயரில் அதே கலவையை நிரப்புங்கள்.

வண்டி நிழலில், பானெட் தொட்டால் சூடில்லாமல் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பகுதி. முதலில் கூரையில் தாராளமாக அடியுங்கள். தூசி ஈரமாகிக் கீழே வழியத் தொடங்க வேண்டும். ஒரு நிமிடம் விடுங்கள், காய விடாதீர்கள். வாளியிலிருந்து ஒரு துணியைச் சொட்டச் சொட்ட எடுத்து நான்காக மடித்தால், திருப்பித் திருப்பிப் பயன்படுத்த எட்டுப் பக்கம் கிடைக்கும். துணியின் எடை மட்டும் பெயின்டில் படும்படி ஒரே திசையில், நேர்கோட்டில் ஒருமுறை இழுங்கள். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. துணியைத் திருப்பி அடுத்த பட்டைக்குப் போங்கள். எட்டுப் பக்கமும் முடிந்ததும் துணியைத் தனியே போட்டுவிடுங்கள். அழுக்கான துணி திரும்ப அந்த வாளிக்குள் போகவே கூடாது. இந்த முறையின் உயிர் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது. பிறகு பெரிய துண்டை அந்த இடத்தில் விரித்து மெல்ல ஒற்றி எடுங்கள்.

கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி, கீழ்பாதி, பம்பர் என்ற வரிசையில் மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்கு வேறு நிறத் துணி வைத்துக்கொள்ளுங்கள், பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கும். கை தவறித் துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அந்தத் துணி முடிந்தது.

ஸ்பாஞ்ச் வேண்டாம். அதன் தட்டையான முகத்தில் மண் போய் மறைய இடமில்லை.

தண்ணீரைப் பற்றி: உப்புத் தண்ணீர் பெயின்டில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும், நாளானால் அவை பூச்சை அரித்துப் பள்ளமாக்கவும் செய்யும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்காமல் கார் கழுவப் பயன்படுத்துகிறார்கள். அதில் உப்பு இன்னும் அடர்த்தியாக இருக்கும் என்பதால் டயருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் இதற்கு அருமையானது, அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ஒரு இரவில் பல லிட்டர் சேரும். துணியில் வடிகட்டி ஸ்ப்ரேயரில் ஊற்றுங்கள்.

ஒரு எல்லையும் உண்டு. மழையில் ஓடிச் சேறு கட்டியாக ஒட்டியிருந்தால் இந்த முறை ஆகாது. அதற்கு முதலில் ஓடும் தண்ணீரில் சேறு கரைந்து போக வேண்டும்.

கேள்வி: அதிகாலைப் பனியில் வண்டி நன்றாக நனைந்திருக்கிறது. அந்த ஈரத்திலேயே துடைத்துவிட்டால் தண்ணீர் மிச்சம்தானே?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். பனி ஈரம் தூசியைக் கழுவிக்கொண்டு போகும் அளவுக்கு இருக்காது, குழைத்துச் சாந்தாக்கும் அளவுக்குத்தான் இருக்கும். அந்தச் சாந்தைத் துணியால் பரப்புவது உலர்ந்த தூசியைத் துடைப்பதைவிட எந்த வகையிலும் மேலல்ல. முன்கண்ணாடிக்கும் இது பொருந்தும்: வைப்பரைப் போடுவதற்கு முன் ஒரு மக் தண்ணீரைக் கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து ஊற்றிவிடுங்கள். வைப்பர் ரப்பரின் விளிம்பில் மாட்டும் மணல்தான் கண்ணாடியில் வளைவு வளைவாகக் கோடு போடுகிறது. வாரம் ஒருமுறை அந்த விளிம்பையும் ஈரத்துணியால் உருவி விடுங்கள்.

கேள்வி: நீளக் கைப்பிடியோடு, பருத்தி நூல் குஞ்சம் வைத்து, மெழுகு தடவிய டஸ்டர் வாங்கினேன். கீறாது என்றுதான் கடையில் சொன்னார்கள். நம்பலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: பாதி நம்பலாம். அந்தப் பாரஃபின் மெழுகு தூசியை ஒட்டவைத்துத் தூக்குகிறது, கோழியிறகு டஸ்டர் மாதிரி தள்ளிவிடுவதில்லை. மூடிய கேரேஜில் நிற்கும் வண்டியில், விரலால் தொட்டால் மாவுபோல் இருக்கும் ஒருநாள் தூசிக்கு இதைப் பயன்படுத்தலாம். அப்போதும் நூல் நுனி மட்டும் படும்படி, எடை கொடுக்காமல், ஒரு வீச்சுக்கு ஒருமுறை வண்டியை விட்டு விலகி உதற வேண்டும். விரலில் நறநறவென்று மணல் தட்டுப்பட்டாலோ, வண்டி ஈரமாக இருந்தாலோ, மழைத்துளி காய்ந்த தடம் இருந்தாலோ டஸ்டரைத் தொடாதீர்கள்.

புதிய டஸ்டரில் மெழுகு அதிகமாக இருக்கும், பெயின்டில் கோடு விழும். இரண்டு நாள் செய்தித்தாளில் சுற்றி வைத்தால் உபரி மெழுகைத் தாள் இழுத்துக்கொள்ளும். கண்ணாடியில் மட்டும் பயன்படுத்த வேண்டாம், இரவில் எதிர்விளக்கு பட்டால் கலங்கும். டஸ்டர் கறுத்துப் போவது இயல்பு. மணல் உள்ளே தங்கிவிட்டது என்று தெரிந்தால் வீட்டு ஜன்னலுக்கு அனுப்பிவிடுங்கள்.

டஸ்டரைவிட நல்லது கையடக்க மின் ப்ளோயர். கம்ப்யூட்டர் தூசி ஊத விற்கும் 500–600 வாட் கருவியே போதும். ஒரு அடி தள்ளி, சாய்வாக ஊதுங்கள். பக்கத்து வண்டிக்காரரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டாத மணல் முழுக்கப் போய்விடும், அதுவே மோசமான பங்கு. மீதியிருக்கும் மென்தூசியை முன்சொன்ன கலவையால் எடுக்கலாம்.

கேள்வி: பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். சிமெண்ட் தூசி தினமும் படிகிறது. கழுவினால் வெள்ளையாகப் படலம் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது.
– வாசகி, அரியலூர்

பதில்: இந்தத் தூசிக்கு மற்றதுபோல நேரம் கொடுக்க முடியாது. சிமெண்ட் தண்ணீர் பட்டதும் இறுகத் தொடங்கும். இரவுப் பனியே அதற்குப் போதும். இறுகும்போது அது கடுமையான காரமாகவும் இருப்பதால் பெயின்டை மங்கலாக்கும். ஆகவே முதல் வேலை உலர்ந்த நிலையில் ப்ளோயரால் ஊதி எடுப்பது, அதையும் அன்றன்றே சாயங்காலம் பனி இறங்குவதற்கு முன் செய்வது. மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அதன் பிறகு தண்ணீர் விட்டால் கொஞ்சமாக விடாதீர்கள். ஹோஸில் நிறைய, வேகமாக, தூசி நின்று ஊறாமல் ஓடிப்போகும்படி விடுங்கள். ஸ்ப்ரேயரும் ஈரத்துணியும் இங்கே எதிரிகள்.

ஏற்கெனவே ஒட்டிய படலத்துக்கு: கடையில் கிடைக்கும் 5 சதவீத வெள்ளை வினிகரை அதே அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து அந்த இடத்தின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் போர்த்தி வையுங்கள். தேய்க்க வேண்டாம். தண்ணீர் விட்டு அலசிப் பாருங்கள், மிச்சமிருந்தால் மறுபடியும் போர்த்துங்கள். வினிகர் காய்ந்துவிடக் கூடாது. பெயின்ட் பெயர்ந்து தகடு தெரியும் இடத்தில் படவும் கூடாது. முடிந்ததும் கார் ஷாம்பு போட்டுக் கழுவி மெழுகு பூசுங்கள், ஏனென்றால் பழைய மெழுகு போயிருக்கும். நகத்தாலோ பிளேடாலோ சுரண்டினால் சிமெண்ட்டோடு பூச்சும் வந்துவிடும்.

வேலை நடக்கும் மாதங்களில் முடிந்தால் வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்துங்கள். அதைவிட நல்ல மருந்து இதற்கு இல்லை.

கேள்வி: அப்படியானால் கவர் போட்டு மூடிவிட்டால் தீர்ந்தது அல்லவா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தூசி படிந்த வண்டியின் மேல் கவர் போட்டால், காற்று அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அது வண்டியைத் துடைக்கிறது. உள்புறம் மென்துணி வைத்த கவர்கூட அந்த மணலைத்தான் தேய்க்கும். மூடிய இடத்தில், கழுவி உலர்த்திய வண்டிக்குக் கவர் நல்லது. திறந்த தெருவில் தினமும் எடுத்துப் போடும் வண்டிக்குக் கவர் போடாமல் இருப்பதே பெயின்டுக்கு நல்லது. கழற்றும்போது வண்டியின் மேல் இழுக்காமல் ஓரங்களைக் கூரை நடுவுக்கு மடித்துக்கொண்டே வந்து, தூசிப்பக்கமும் உள்பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் சுருட்டுங்கள்.

கேள்வி: 9எச் செராமிக் கோட்டிங் போட்டிருக்கிறோம். இனி வெறும் துணியால் துடைத்தாலும் கீறாது என்றார் கடைக்காரர்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கீறும். 9எச் என்பது பென்சில் அளவுகோல். மிகக் கடினமான 9எச் பென்சிலால் கோடு இழுத்தால் பூச்சு தாங்குகிறது என்பதே அதன் பொருள். மோஸ் அளவுகோலில் 9 என்று நினைத்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். பென்சில் கரிக்குத் தாங்குவது வேறு, குவார்ட்ஸ் மணலுக்குத் தாங்குவது வேறு. பூச்சின் கனமும் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான்.

போட்ட பணம் வீண் என்று வருந்த வேண்டாம். கோட்டிங் உள்ள பெயின்டில் தூசி அழுத்தமாக ஒட்டாது, தண்ணீர் விட்டாலே பாதி ஓடிவிடும். கழுவும் வேலை எளிது, துணி படும் நேரம் குறைவு. அதனால் கீறலும் குறையும். நிஜமாகவே சிறு கீறலைத் தாங்குவது பி.பி.எஃப். என்ற ஒட்டுப்படலம். 150–200 மைக்ரான் கனம் இருக்கும், மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டில் தாமே மறையும். விலை அதிகம் என்பதால் பானெட்டுக்கும் முன்பம்பருக்கும் மட்டும் ஒட்டுபவர்கள் உண்டு, அது நியாயமான செலவு.

கேள்வி: வாட்டர் சர்வீஸ் விடலாமா? எங்கள் ஊரில் தண்ணீர் அடித்ததும் டீசல் ஸ்ப்ரே பண்ணித் துடைத்துக் கொடுக்கிறார்கள், நன்றாக மின்னுகிறது.
– வாசகர், சேலம்

பதில்: தண்ணீர் அடிக்கும் வரை நல்லதுதான், கை படாமல் மணல் போவதற்கு அதைவிட வழியில்லை. நாசில் விசிறிபோல விரிந்து அடிக்க வேண்டும், ஒன்றரை அடி தள்ளிப் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே பெயின்ட் தெறித்த இடம், ஸ்டிக்கர் ஓரம், மறுபெயின்ட் அடித்த பாகம் ஆகியவற்றில் நேராக அடித்தால் உரிந்து வரும். அதற்குப் பிறகு நுரை போட்டு, எல்லா வண்டிக்கும் போடும் அதே ஸ்பாஞ்சை எடுக்கிறார்களே, அங்கேதான் கீறல் விழுகிறது. உங்கள் சொந்த மைக்ரோஃபைபர் மிட்டனும் துண்டும் கொண்டுபோய்க் கொடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. சுழலும் பிரஷ் உள்ள தானியங்கி வாஷில் புதிய வண்டியை விடாதீர்கள்.

டீசல் கூடாது. மினுக்கம் எண்ணெய்ப் படலத்தினுடையது, அது மறுநாளே தூசியை இழுத்து ஒட்டவைக்கும். கதவு பீடிங், வைப்பர் ரப்பர், டயர் எல்லாவற்றையும் ஊதிப்போகச் செய்யும்.

கேள்வி: போகி அன்று காலை வண்டி முழுக்கச் சாம்பல். உடனே துடைக்கலாமா?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: துடைத்தால் கரிப்பிசுக்கு இழுபடும். உலர்ந்திருந்தால் ஊதுங்கள், பிறகு நிறையத் தண்ணீர், பிறகு ஷாம்பு. பனியில் நனைந்த சாம்பல் காரமானது, பொங்கல் முடியட்டும் என்று வைத்திருக்காமல் அன்றே கழுவுங்கள். தீபாவளிப் பட்டாசுத் தூளுக்கும் இதுதான்.

கேள்வி: மைக்ரோஃபைபர் என்று விற்பதெல்லாம் ஒன்றா? 50 ரூபாய்க்கும் இருக்கிறது, 500 ரூபாய்க்கும் இருக்கிறது.
– வாசகர், மதுரை

பதில்: அட்டையில் ஜி.எஸ்.எம். பாருங்கள், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பது அது. பெயின்டுக்கு 350–400, ஈரம் எடுக்க 600க்கு மேல். பாலியஸ்டர் 80, பாலிஅமைடு 20 அல்லது 70–30 கலவை நல்லது. பாலிஅமைடு பங்கு கூடினால் மென்மையும் ஈரம் இழுப்பதும் கூடும். ஓரம் தைக்காத துணி கிடைத்தால் வாங்குங்கள், லேபிள் இருந்தால் வெட்டிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பழைய சி.டி.யின் மின்னும் பக்கத்தில் அழுத்தித் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அதில் கோடு போடும் துணி வண்டிக்கு வேண்டாம்.

நல்ல துணியும் துவைக்கும் இடத்தில்தான் கெடுகிறது. பருத்தித் துணிகளோடு போட்டால் அதன் பஞ்சு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். திரவ டிடர்ஜென்ட் மட்டும் போடுங்கள். துணி மென்மையாக்கும் கண்டிஷனர் இழைகளின் மேல் பூச்சாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கொன்றுவிடும். பிளீச், இஸ்திரி, கொதிநீர் மூன்றும் கூடாது. மொட்டைமாடித் தூசியில் காயப்போடாமல் வீட்டுக்குள் உலர்த்தி, மூடிய டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே விழுந்த கீறல்களுக்கு வருடாவருடம் சர்வீஸில் ரப்பிங் பாலிஷ் போடச் சொல்கிறார்கள். சரியா?
– வாசகர், ஈரோடு

பதில்: ரப்பிங் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் குறைக்கிறது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும், இருப்பதோ 40 சொச்சம். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அந்தப் பூச்சுதான். மெலிந்துபோனால் முதலில் கூரையும் பானெட்டும் வெளுத்து, பிறகு தோல் உரிவதுபோல் உரியும். அந்த நிலைக்கு மறுபெயின்டைத் தவிர வழியில்லை.

நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறலைப் பாலிஷில் எடுக்க முயல வேண்டாம். மாட்டாத மெல்லிய வலைக்கீறல்களுக்கு, முதலில் துடைக்கும் முறையை மாற்றிவிட்டு, வண்டியின் வாழ்நாளில் ஓரிரு முறை மட்டும் பாலிஷ் செய்யுங்கள். பெயின்ட் கனம் அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம், பேடு சுழல்வதோடு அசையவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தில் செய்யச் சொல்லுங்கள். கொடுக்கும்போது மின்னி நாலு கழுவலில் கீறல் திரும்பத் தெரிந்தால், கீறலைத் தற்காலிகமாக நிரப்பும் கிளேஸ் பூசி மறைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அதனால் பெயின்டுக்குக் கெடுதல் இல்லை, பணம்தான் போகும்.

கேள்வி: டாஷ்போர்டின் பளபளப்பான கறுப்புப் பகுதியிலும் டச் ஸ்கிரீனிலும் டிஷ்யூ பேப்பரால் துடைத்தே கோடு விழுந்துவிட்டது.
– வாசகி, தாம்பரம், சென்னை

பதில்: பியானோ பிளாக் எனப்படும் அந்தப் பிளாஸ்டிக் வெளிப்பெயின்டைவிட எளிதில் கீறும், டிஷ்யூவின் மரநார் தூசியோடு சேர்ந்தால் போதும். பயன்படுத்தாத மேக்கப் பிரஷ் ஒன்றை வண்டியிலேயே வைத்து, தூசியை முதலில் அதனால் தட்டிவிடுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியின் ஒரு முனையை லேசாக நனைத்து, அழுத்தாமல் ஒருமுறை இழுத்து, உலர்ந்த முனையால் ஒற்றுங்கள். ஸ்கிரீனை அணைத்துவிட்டுத் துடையுங்கள். திரவத்தைத் துணியில் அடிக்கலாம், ஸ்கிரீனில் நேராக அடித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் ஸ்கிரீன் பூச்சுக்கும் ஜன்னல் ஃபிலிமுக்கும் ஆகாது.